பஸ் நிற்கிற இடம்

விரலால் மூக்கைத் தொடச் சொன்னா டொக்டர் வாகீஸ்வரி.
தொட்டேன். கன்னத்தில் இருந்தது மூக்கு.
தன் பேனாவின் முனையைத் தொடச் சொன்னா.
பேனா அசையவில்லை. கைதான்
சேருவில ரோட்டு பஸ் போலப் போய்ச் சேர்ந்தது.

குதியும் விரலும் முட்ட முட்டத்
தரையின் கோட்டில் நடக்க வேண்டுமாம்.
மூன்றாம் அடியில்
கிளினிக் கொப்பியோடு இருந்த மனிசியின் மடியில்
விழப் பார்த்தேன்.
"வெறி போல" என்றாள் அவள், மெதுவாக, பக்கத்தாளிடம்.

பதினேழு வருசம் கொண்டக்டர்.
திருகோணமலை, கிண்ணியா, மூதூர்.
ஒரு துளி தொட்டதில்லை.
ஜும்ஆவில் சஃப்பில் நிற்கையில்
முந்திச் சும்மா உரசிக்கொண்டிருந்த பக்கத்துத் தோள்
இப்போதெல்லாம் என்னை முண்டு கொடுத்துப் பிடிக்கிறது.

படத்தில் சிறுமூளையைக் காட்டினா,
வாடிய பூக்கோவா மாதிரி.
வெளிநாட்டில் ஆராய்கிறார்களாம்:
இப்படித் தள்ளாடுகிறவர்களின் சிறுமூளையில்
யூரியா கூடியிருக்கிறதா,
அதன் சொந்தக்காரப் பொருள்கள்
நரம்பைக் குழப்புகின்றனவா, தேற்றுகின்றனவா என்று.
"தொடர்பு இருக்கலாம். காரணம் எண்டு சொல்ல ஏலாது.
மருந்து எண்டும் சொல்ல ஏலாது."

யூரியா.
எனக்குத் தெரிந்த யூரியா
தம்பலகாமத்து வயலுக்கு மச்சான் நவ்பீல் சுமக்கிறது.
அது இல்லாத போகத்தில்
கமநல நிலைய வாசலில் சுபஹோடு வரிசை கட்டினோம்.
ஒரு மூடை கிடைக்கவில்லை.
அறுத்ததில் பாதி பதர்.

மச்சானிடம் சொன்னேன், ஊரெல்லாம் தேடின சாமான்
என் தலைக்குள்ள கிடந்திருக்கலாமாம் என்று.
"முந்தியே சொல்லியிருந்தா
உன்ட காதுக்குள்ள குழாய் போட்டிருப்பேனே."
சிரித்தோம்.
சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி
சாரத்தில் ஊத்துப்பட்டது.
அவன் எழும்பித் துணி எடுக்கப் போனான்;
வர நேரமானது.

டிப்போவில் இன்னும் சொல்லவில்லை.
காலை ஐந்தே முக்கால் பஸ்,
பாலம் தாண்டி வளைகிறது.
நிற்கிறவர்கள் எல்லோரும் ஆடுகிறார்கள்:
வேலை முடிந்து போகும் நேர்ஸ், றெஜிபோம் பெட்டியோடு மீன்காரர்,
டியூஷன் பிள்ளைகள், ஒரு மௌலவி.
யாரும் யாரையும் வெறி என்று சொல்லவில்லை.
நடுவால் போகிறேன்.
மிச்சக் காசு நீட்டும் என் கையை
தடுமாறி வருகிற இன்னொரு கை
பாதி வழியில் பிடித்துக்கொள்கிறது.

பஸ் நிற்கிற இடத்தில்தான்
எனக்குப் பயம்.