கோரை

துண்டறிக்கையில் "தோட்டச் சுற்று,
ஐந்து வெள்ளி, பசியாறலும் உண்டு" என்று போட்டிருந்தது.
செம்பனைக்குள் நடக்கவா காசு கேட்கிறார்கள் என்றாள்
என் நாத்தனார் கனகாம்பிகை.
பூந்தோட்டம் என்று எழுதியிருக்கலாம்.
பாடாங் செராயில் தோட்டம் என்றால்
விடிகாலைப் பெரட்டு, மண்டோர், சம்பளத்தில் பிடித்தம்.

முதலில் பழைய மானேஜர் பங்களா.
பேச வந்தவர் டாக்டர் நோர்ஹயாத்தி,
கையில் சிவப்பு ஒளிக்குச்சி.
பத்து மணி வெயிலில்
அந்தப் புள்ளி யார் கண்ணுக்கும் படவில்லை.
எங்கோ காட்டினார், எங்கோ பார்த்தோம்.
கண் இளைப்பாறக் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள் என்றார்.
வேலிக்கு அப்பால் இருப்பதையும்
உங்கள் தோட்டத்துக்குக் கடன் வாங்குங்கள் என்றார்,
மலையை, மரத்தை, வானத்தை.
வேலிக்கு அப்பால் நாலாயிரம் ஏக்கர் செம்பனை.
அதன் சம்பளச் சீட்டைக் காட்டிக் கடன் வாங்கியவர்கள்
எங்களில் பாதிப் பேர்.

இரண்டாவது, மருந்துக்கடை ஓங் கிம் ஹுவாட் வீடு.
வாழை மாதிரி இலை, நண்டுக் கால் மாதிரிப் பூ.
ஒற்றைப்படையில் நடுங்கள், மூன்று, ஐந்து, ஏழு,
இரட்டைப்படை பார்வையை இரண்டாக வெட்டிவிடும் என்றார் டாக்டர்.
நாலு எனக்கும் ஆகாது என்றார் ஓங்,
வேறு காரணத்துக்காக.
சீனர்கள் சிரித்தார்கள். கொஞ்சம் தள்ளி நாங்களும்.

பேருந்துக்குத் திரும்பும் வழியில்
சாலையோரம் வெளிர்மஞ்சள் பூ வரிசையாய்.
என்ன அடர்த்தி, யார் வடிவமைத்தது என்று நின்றார்.
உச்சிப்பொழுதில் மூடிக்கொள்ளும் பூ அது.
பைப்புழுவைத் தின்னும் குளவிக்குத் தேன் வேண்டுமென்று
கம்பெனி நடச் சொன்னது.
அந்த வரிசையில் அறுநூறு குச்சி நான் ஊன்றியது.
சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
எல்லாரும் ஏறிவிட்டார்கள்.

பேருந்தில்தான் அதைச் சொன்னார்:
களை என்று ஒன்று கிடையாது,
இடம் தவறிய செடிதான் உண்டு.
பத்தொன்பது வருடம் முதுகில் பதினெட்டு லிட்டர் சுமந்து
நீல மருந்து அடித்தவள் நான்.
இடக்கைப் பெருவிரல் நகம் இன்றுவரை நேராக முளைக்கவில்லை.
முன் இருக்கைத் தமிழாசிரியர் திரும்பி,
நாமும் அப்படித்தான், இடம் தவறிய செடிகள் என்றார்.
நான் தவறவில்லை சார்,
குளிம் ஆஸ்பத்திரியில் பிறந்தேன், நீல அடையாள அட்டை என்றேன்.
அவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டார்.

கடைசி வீடு என்னுடையது.
மலிவு விலை வீடு, முன்னால் பதினாறுக்கு ஒன்பதடி.
பெயிண்ட் டின்னில் பாகல், வெண்டை, ஒரு செம்பருத்தி.
மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு
எதையும் நடவில்லை, எதையும் பிடுங்கவில்லை.
மூக்குத்திப்பூ, அம்மான் பச்சரிசி,
நாயுருவி, தொட்டாற்சுருங்கி, கோரை.
கூட்டம் கேட்டிலேயே நின்றது.
பக்கத்து வீட்டுச் சின்னவன்
இது குப்பைதானே என்று சத்தமாகக் கேட்டான்.

டாக்டர் மண்டியிட்டார். வெள்ளைக் கால்சட்டை.
ஒளிக்குச்சி பைக்குள் போயிற்று.
இந்த மூலைக்கு உங்கள் எண்ணம் என்ன என்று கேட்டார்.
மூன்று நாளாய் மலாயில் மனப்பாடம் செய்திருந்தேன்,
அழகு, பசுமை, குறைந்த செலவு.
வாய்க்கு வந்தது ஒன்றுதான்:
இங்கே மருந்து அடிப்பதில்லை.

அவர் எழுதிக்கொள்ளவில்லை.
ஓங்கின் செருப்பு பட்டுத் தொட்டாற்சுருங்கி ஒரு முழம் கூம்பிவிட,
மன்னியுங்கள் என்றார், என்னைப் பார்த்தா இலையைப் பார்த்தா தெரியாது.
அது விரியும்வரை நின்றார்கள், பதினெட்டுப் பேரும்,
மைலோ ஆறிக்கொண்டிருக்க.

கிளம்பும்போது காதோரம் சொன்னார்,
கோரையை மட்டும் எடுத்துவிடுங்கள்,
விட்டால் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும்.
தெரியும் டாக்டர்.
எடுத்தாலும் கிழங்கு அடியில் கிடக்கும், அதுவும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு உட்கார்ந்தேன்.
பாதி எடுத்தேன்.
மழை வந்தது.