மூன்றில் ஒரு பங்கு

காந்தி ரோட்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்து.
கஜபதியின் லாட்ஜ், நாலு மாடிக்கும் மேலே
துணி காயும் மொட்டைமாடி.
வாடகை கேட்கவில்லை. பதிலுக்கு
வரவேற்பறைக்கு ஒரு படம் என்று பேச்சு.

ஐந்து நாற்பதுக்கு ட்ரைபாட்.
ஒரு கால் எப்போதும் கொஞ்சம் குட்டை,
அதன் அடியில் நாலாய் மடித்த சோப்பு அட்டை.
எல்லோரும் மேற்கே பார்க்கும் நேரத்தில்
எனக்குக் கிழக்கு வேண்டும்.
சூரியன் அல்ல, அது விட்டுப்போகும் பாறை:
சைதாப்பேட்டை வீடுகளின் தலைக்கு மேல்
நிழல் ஏறுவது.

பத்து நொடிக்கு ஒன்று.
இருநூற்றைம்பதில் ஒரு நொடியாய்த் தொடங்கி
முழுசாய் ஐந்து நொடி திறந்த கண் வரை
யாருக்கும் தெரியாமல் போய்ச் சேர வேண்டும்.
மொத்தமாய்த் திருப்பினால் படம் துள்ளும்.
திருப்பாமலே விட்டால் மலை முழுகும்.
மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு.
க்ளிக்குக்கும் க்ளிக்குக்கும் நடுவே
ஆட்டாமல் விரல் வைத்து, ஆட்டாமல் எடுத்து.
மஃரிப் பாங்கு கேட்டதும் இன்னும் கவனம்:
அதுவரை படியிறங்கிய வெளிச்சம்
அதற்குப் பிறகு படி தாவும்.

பகலில் எனக்கு எக்ஸ்ரே அறை.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.
அங்கே அளவு முன்பே தெரியும்,
இடுப்புக்கு இவ்வளவு, விரலுக்கு இவ்வளவு,
குழந்தைக்கு இன்னும் குறைவு.
வானத்துக்கு அப்படி அட்டவணை ஒட்டி வைக்க முடியாது.
குடியாத்தம் பக்கம் ஒரு மேகம் எழுந்தால்
நேற்றைய கணக்கு நேற்றோடு.

மஹாதோ அன்று துணி எடுக்க வந்தார்.
முன்னூற்று நாலாம் அறை, ஜார்க்கண்ட்,
மனைவி வார்டில்.
என் வீட்டு உருதுவும் அவர் ஊர் இந்தியும்
பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.
எத்தனை படம்?
ஐந்நூற்று நாற்பது.
எவ்வளவு நேரம் ஓடும்?
இருபத்திரண்டு நொடி.
சிரித்தார். நான் வந்து மூன்று வாரம்,
அதை எவ்வளவு ஆக்குவீங்க?
மனசுக்குள் பெருக்கி வகுத்தேன்.
இரண்டு மணிநேரம், கொஞ்சம் கூட. ஒரு சினிமா.
இடைவேளை உண்டா என்றார்.

திங்கட்கிழமை டாக்டர் என்ன சொன்னார்,
வியாழக்கிழமை வேறு டாக்டர் என்ன சொன்னார்,
இரண்டும் ஒன்றா என்று என்னைக் கேட்டார்.
நான் வெறும் எக்ஸ்ரே என்றேன்.
அப்படியும் கேட்டார்.
பதினோரு நிமிடம்.

திரும்பிப் பார்த்தால் ஹிஸ்டோகிராம்
டோக்கன் கவுண்டர் திறந்த மாதிரி
இடது சுவரில் முண்டியடித்துக் கிடக்கிறது.
மலையைக் காணோம்.
ஒரேயடியாய் மீட்க முடியாது, துள்ளும்.
இருட்டு இறங்குவதைவிடச் சற்று வேகமாய்
திருட்டுத்தனமாய் மேலே ஏறினேன்,
மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று,
சரிவில் வீடுகள் பல்ப் போட்டு முடிக்கும் வரை.

இரவு, கொணவட்டம், மாவு அரைக்கும் சத்தத்துக்கு நடுவே
கெட்டுப்போன அறுபத்தாறையும் கம்ப்யூட்டரில் தூக்கினேன்.
ரவை கொட்டியதுபோலப் புள்ளி.
ஆனாலும் மலை வந்தது.
வளைவை நீவி நீவி
எங்கே தவறினேன் என்று எனக்கே மறந்துபோகும் அளவு
வழவழப்பாக்கினேன்.

அப்புறம்தான் பார்த்தேன், இடது ஓரம்.
கொடியில் ஒரு பச்சைப் புடவையின் நுனி
முன்னூற்று அறுபத்தேழு படங்களாய் ஆடிக்கொண்டிருக்கிறது.
அறுபத்தெட்டில் கொடி மட்டும்.
அதைக் கொஞ்சம் கொஞ்சமாய் இல்லாமல் ஆக்க
என்னிடம் எந்தக் குமிழும் இல்லை.

அந்த ஓரத்தை வெட்டிடும்மா, கண்ணை உறுத்துது,
என்றார் கஜபதி.
வெட்டினால் மலையின் தோள் போய்விடும் என்றேன்.
பாதி உண்மை.

இப்போது லாட்ஜ் டிவியில் திரும்பத் திரும்ப ஓடுகிறது.
முன்னூற்று நாலு காலியாகிவிட்டது,
எந்த மாதிரிக் காலி என்று கேட்கவில்லை.
சாவிக்குக் காத்திருக்கும் புதுக் குடும்பம்,
மடியில் ஸ்கேன் கவர்,
அண்ணாந்து பார்க்கிறது.
அதில் ஒரு சின்னப் பையன்
இரண்டாம் முறை முடிந்ததும் கேட்டான்:
எப்போ இருட்டுச்சு?