மூன்று விரல் சமாதானம்

பதினோரு வருடம்
அவளுக்கு நான் கொடுத்த சமாதானம்
மூன்று விரல் அளவு.
ஞாயிறு செபத்தில் எல்லோரும் கைகொடுக்கும் நேரம்
ரோசால்பா மில்லாலோங்கோ பக்கம் திரும்புவேன்,
நுனியைத் தொடுவேன், எடுத்துவிடுவேன்,
சூடான சட்டியைத் தொட்ட மாதிரி.

சண்டை கோயில் கோபுரத்துக்கு என்ன நிறம் என்பதில்.
அவள் நீலம் என்றாள். நான் மஞ்சள்.
சிரிக்காதீர்கள்.
நாற்பது குடும்பம் அதற்காக
இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிரிந்து உட்கார்ந்தது.
குருவானவர் வருடத்துக்கு மூன்று முறை படகில் வருவார்,
அன்பைப் பற்றிப் பேசுவார்,
கடல் வற்றுமுன் கிளம்பிவிடுவார்.
கோபுரம் நிறமே இல்லாமல் நின்றது.
சிலோயே தீவின் மழை தெரியுமா உங்களுக்கு?
மர ஓடுகள் ஒவ்வொன்றாக மக்கி விழுந்தன,
நீலக்காரர் தலையிலும்
மஞ்சள்காரர் தலையிலும்.

போன ஆகஸ்டில் கடல் கரையைத் தின்றது.
அவள் வாசற்படிக்கும் பள்ளத்துக்கும் நடுவே
ஒரு கோழி நிற்க இடம்.

எங்கள் ஊரில் வீட்டை விட்டுவிட்டுப் போவதில்லை,
வீட்டையே இழுத்துக்கொண்டு போவோம்.
அடியில் உருட்டுக்கட்டை, முன்னால் மாடுகள், வடம்.
கூலி கிடையாது. சாப்பாடு உண்டு.

செபம் நடத்தும் எலெயுத்தேரியோ வீடுவீடாய் வந்தார்.
"உன்னிடம் மாடு ஒன்றுதானே?"
ஆமாம். ஜோடி போன குளிரில் செத்தது.
"அவளிடமும் ஒன்றுதான்."
அதற்குமேல் பேசவில்லை மனிதர்.
தொப்பியை அழுத்திக்கொண்டு மழையில் இறங்கினார்.

எனக்கு மனம் வந்தது என்று சொல்லமாட்டேன்.
மாட்டுக்குத்தான் கால் வந்தது.
ஒரே நுகத்தடியில் என் கறுப்பும் அவள் செவலையும்.
ஒன்றையொன்று மோந்து பார்த்தன, அவ்வளவுதான்.
பிறகு இரண்டு மூச்சும் ஒரே புகையாய் வந்தது.

வடத்தில் எனக்கு முன்னால் அவள் முதுகு.
அவளுக்கு இவ்வளவு நரைத்திருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.
யாரோ குரல் கொடுத்தார்கள்.
வீடு முனகியது,
நகர்ந்தது,
சன்னல் திரையோடு, ஆணியில் ஆடும் சிலுவையோடு,
அணைக்க மறந்த அடுப்பின் புகையோடு.
இடப்பக்கம் யார் வலப்பக்கம் யார்,
எல்லோரும் சேற்று நிறம்.

மாலையில் உருளைக்கிழங்கு அடையை என் தட்டில் வைத்தாள்.
"உப்புக் குறைவு" என்றேன்.
பதினோரு வருடத்தில் முதல் வார்த்தை!
"உன் நாக்கு எப்போதும் அப்படித்தான்" என்றபடி
உப்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

மறு ஞாயிறு
முழுக்கையையும் நீட்டினேன்.
வடம் உரித்த தோல் எனக்கு ஆறவில்லை,
அவளுக்கும் ஆறவில்லை.
உள்ளங்கையும் உள்ளங்கையும் பட்டபோது
எரிந்தது.
இருவருமே எடுக்கவில்லை.

கோபுரத்துக்கு
நான் இன்னும் மஞ்சள்தான் சொல்வேன்.