வெள்ளைக் கறை

கறை நீக்குவது என் தொழில்.
சுர்லா கிராமத்து விடுதியின் நிலவறையில்
நாற்பத்திரண்டு அறைகளின் விரிப்புகள்
என் கைவழிதான் வெளுத்து மேலேறும்.
வைன், காப்பி, உதட்டுச்சாயம், சிலநேரம் இரத்தம்.
எதற்கு எந்தத் தண்ணீர், எவ்வளவு சூடு,
எனக்குத் தெரியும்.

வெள்ளையே கறையாவதை
இந்த நவம்பரில்தான் கண்டேன்.

மலை பழுப்பாய்க் கிடந்தது.
போன வருடம் இந்நேரம்
முழங்கால் புதைந்த இடத்தில்
காய்ந்த புல்லும் கல்லும்.
நடுவில் ஒரு மலைமுயல்,
கொடியிலிருந்து நான் தவறவிட்ட
தலையணை உறை மாதிரி.

பகல் குறையக் குறைய அதன் உடல் வெளுக்கும்.
பனியைக் கேட்டு அல்ல, வெளிச்சத்தைக் கேட்டு.
வெளிச்சம் சொன்ன நாளில் சொன்னது.
பனிதான் வாக்குத் தவறியது.

அசையாதிருந்தால் தெரியமாட்டோம் என்று
அது நம்பிக்கொண்டிருந்தது.
எதிர்ச் சரிவில் நின்ற எனக்கே தெரிந்தது,
கண்ணாடி போடாமல்.

செவ்வாய் எனக்கு விடுமுறை.
உர்சினா காஃப்லிஷோடு
புழுக்கை பொறுக்கப் போவேன்.
சிரிக்காதீர்கள்.
காய்ந்த சுண்டைக்காய் அளவு.
ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை, ஓர் எண், இடத்தின் உயரம்.
அதற்குள் வம்சம் இருக்கிறது,
ஆணா பெண்ணா இருக்கிறது,
அடிவாரத்திலிருந்து ஏறிவரும் வயல்முயலின் கலப்பு இருக்கிறது.
பயமும் இருக்கிறதாம்.
பனிச்சறுக்குக்காரன் பக்கத்தால் பாய்ந்த நாளில்
அளவு கூடிவிடுமாம்.

ஓர் உயிர் எவ்வளவு பயந்தது என்பதை
அது கழித்துப்போட்டதில் படிக்கலாம் என்பது
எனக்கு என்னவோ கூச்சமாக இருந்தது.

"வருடா வருடம் மேலே போகின்றன" என்றாள்.
"இன்னும் சூடானால்?"
பேனாவால் சிகரத்தைக் காட்டினாள்.
அதற்கு மேலே
ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது.

டிசம்பரில் ஊர்ச்சபை.
கிழக்குச் சரிவைக் குளிர்காலம் முடியும்வரை
மனிதருக்கு மூடலாமா?
பள்ளி விளையாட்டு மண்டபம்,
கூடைப்பந்து வளையத்தின் கீழ் ஒலிவாங்கி.
அன்று அங்கே யார் பிடித்த முயலுக்கும்
மூன்றே கால்.
எனக்குக் கை இருந்தது, வாக்கு இல்லை.
காப்பி ஊற்றினேன்.

மூட, அறுபத்தொன்று.
வேண்டாம், ஐம்பத்தெட்டு.

உர்சினா மேசைக்கடியில் என் கையை நசுக்கினாள்.
இழுவைக் கம்பி முதலாளி ஜான்-ஆந்திரி
இன்னொரு கோப்பை கேட்டார்.
"எட்டுப் பேருக்கு நான் சம்பளம் கொடுக்கிறேன்.
அதை யார் எண்ணுவது?"
அதுவும் பொய்யில்லை.
விருந்தாளி வராவிட்டால்
எனக்கு எங்கே விரிப்பு, எங்கே கறை.
சர்க்கரை எத்தனை என்று மட்டும் கேட்டேன்.

ஞாயிறு கயிறு கட்டினோம்.
ஆரஞ்சுக் கயிறு, எழுநூறு மீட்டர்.
கயிறு மனிதரை நிறுத்தும்.
வெயில் அதன் அடியால் குனிந்துகூடப் போகவில்லை,
நிமிர்ந்தே போனது.
பனி அன்றும் முயற்கொம்பு.

கடைசி முடிச்சின்மேல் ஒரு நிழல் கடந்தது.
பொன்னிறக் கழுகு.
கத்துவதற்கு வாய் திறந்தேன்.
உர்சினா தோளைத் தொட்டாள்.
அதுவும் காக்கப்படுவதுதான்.
அதற்கும் பசி.
திறந்த வாயோடு நின்றேன்,
யாருக்காகக் கத்துவது என்று தெரியாமல்.

கழுகு முகட்டுக்கு அப்பால் இறங்கியது.
மேலே எழுந்ததை நாங்கள் காணவில்லை.

இரவு. இயந்திரம் சுழல்கிறது.
நிலவறையின் கைக்குட்டைச் சன்னலில் நிலா.
அதன் முயலும் அசையாமல்தான் இருக்கிறது,
வெள்ளையில் கறுப்பாய்,
எல்லாருக்கும் தெரியும்படி.

செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள்.
உறைகளில் எண் எழுதி அடுக்கினேன்,
இருநூற்றுப் பன்னிரண்டு முதல்
இருநூற்று நாற்பது வரை.
மூடிவைத்த பேனாவை
மறுபடி திறந்து
இன்னும் பத்து உறை எடுத்தேன்.