பச்சைக் குறி

இழுப்பறையில் மூன்று குளிர்காலம் தூங்கிய மடிக்கணினியை
எழுப்பினேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை,
வரி அலுவலகம் ஒரு பழைய ரசீது கேட்டிருந்தது.
வெளிவட்டின் கம்பியைச் செருகவில்லை.
செருக வேண்டுமென்று தோன்றவே இல்லை.

அது கண் விழித்தது, வைஃபையைத் தானே தேடிக்கொண்டது,
‘வால்கள்’ என்ற கோப்புறையை எட்டிப் பார்த்தது.
காலி.
நான்தான் அழித்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டியது.
பணிவான வேலைக்காரன்.
அலுவலகக் கணினியிலும்
அக்யூரேரியில் இருந்த சேவையகத்திலும்
நான் சொல்லாத சொல்லை நிறைவேற்றக் கிளம்பியது.

ஹூசாவீக்கில் மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
நான் காபி போட எழுந்து போயிருந்தேன்.

பதினேழு கோடைகள்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு கூன்முதுகுத் திமிங்கிலங்கள்,
மூழ்கும் முன் தூக்கிக் காட்டிய வாலின் அடிப்புறம்:
அல்டாவுக்கு இடது மடலில் கிழிசல், வலை அறுத்தது.
பியார்ட்டூருக்குச் சிந்திய பால்போல் வெள்ளை.
டிம்மாவுக்குப் பல் உழுத மூன்று கோடுகள்,
எந்தப் பல் என்று அவளுக்குத்தான் தெரியும்.

காபியோடு வந்தேன். திரையின் மூலையில் பச்சைக் குறி.
‘அனைத்தும் ஒத்திசைந்தன.’
நல்ல சொல். உள்ளே இசை இருக்கிறது,
இசைவும் இருக்கிறது.
யார் இசைந்தது?

குப்பைத்தொட்டிக்கு ஓர் அளவு உண்டாம்.
இவ்வளவு பெரியதென்றால் ஏந்தி வைக்காமல் விழுங்கிவிடுமாம்.
உதவி எண்ணில் பேசியவன் மரியாதைக்காரன்.
‘மென்பொருள் சரியாகவே வேலை செய்திருக்கிறது’ என்றான்.
‘ஒத்திசைவு வேறு, காப்புநகல் வேறு’ என்றான்,
மழை வேறு குடை வேறு என்பதுபோல.
நனைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது: இன்னொன்று இருக்கிறது.
தோர்லாகுரின் படகில், சுக்கான் அறையில்,
உப்புக் கறை படிந்த திரையோடு ஒரு கணினி.
நடுக்கடலில் அதற்கு எந்த வலையும் இல்லை. அதனால் இன்னும்
எதுவும் தெரியாமல் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது.
அலைத்தடுப்பு முனையைத் தாண்டினால்
துறைமுகத்து வைஃபை அதைத் தொட்டுவிடும்.
செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

ஓடினேன், ஒரு கால் செருப்போடு.
வானொலியைப் பிடித்துக் கத்தினேன்: ‘அணை! அதை அணை!’
காற்றில் பாதி போய்விட்டது.
அவன் எஞ்சினை அணைத்தான்.

இருபத்து மூன்று பயணிகளும் ஆரஞ்சு அங்கிகளில்
அலைமேல் ஆடி ஆடி என்னைப் பார்த்தார்கள்.
ஒரு குழந்தை கையசைத்தது.
படகு நீரோட்டத்தில் சாவகாசமாக
முனையை நோக்கி மிதந்து வந்தது.
‘கணினியை!’ என்றேன். ‘கம்பியைப் பிடுங்கு!’
பிடுங்கினான். சுவரோடு.

அகரவரிசையில் அழித்துக்கொண்டு வந்திருக்கிறது.
கத்லா வரை போய் நின்றுவிட்டது.
லோவாவிலிருந்து பிழைத்தவர்கள் இருநூற்று எண்பது பேர்.
பெயர் வைத்தபோது எழுத்தைப் பற்றி
யார் யோசித்தார்கள்?

அந்தக் கணினியை எதனோடும் சேர்க்க அவன் விடுவதில்லை.
துளைக்கு மேல் கறுப்பு நாடா ஒட்டியிருக்கிறான்.
‘தனியாக இருக்கட்டும்’ என்கிறான்.

இன்று காலை லுண்டே தீவுக்கு அப்பால் ஒரு வால் எழுந்தது.
நீர் வழிய ஒரு நொடி நின்றது.
டிம்மா என்றேன். மூன்று கோடுகள்.
‘நாலு’ என்றான் தோர்லாகுர்.
கேமராவின் மூடியை நான் கழற்றவே இல்லை.

அவள் போன இடத்தில் நீர் வட்டமாக,
வழுவழுவென்று மூடிக்கொண்டது.
தாள் குறிப்பேட்டில், பென்சிலால், எழுதினேன்:
டிம்மா.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
அவன் எட்டிப் பார்த்து
அதற்கும் பக்கத்தில் ‘நாலு’ என்று எழுதினான்.