துகள் எண்ணும் அறை

பாயான் லெப்பாஸில், இரவு ஷிப்டில்,
எங்களுக்கு முகம் கிடையாது.
வெள்ளை அங்கி, வெள்ளை முக்காடு, வெள்ளை முகமூடி,
நடுவே இரண்டு விரற்கடை அகலத்தில் கண்.
அதை வைத்துத்தான்
இவள் சுஹைலா, அவன் பூன் கியாட்,
இது குணாளன், நான்,
என்று பிரித்துக்கொள்கிறோம்.

சுவரில் ஒரு பெட்டி
காற்றில் மிதக்கும் துகளை எண்ணிக்கொண்டே இருக்கும்.
பவுடர் பூசி வந்தால் எண் ஏறும். தும்மினால் ஏறும்.
முதல் நாளே சூப்பர்வைசர் சொன்னார்:
ஒரு சொட்டு வியர்வையின் உப்பு போதும்,
தட்டு முழுக்கச் சில்லுகள் செத்துவிடும்.
கண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

அப்பாவுக்கு மூன்று நாள் விடுப்பு.
பெரியப்பா என்றால் அதுவும் இல்லையாம்.
நான்காம் நாள் இரவு
ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.
பதினாறுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் ஓக்கே என்றிருப்பேன்.
இந்தத் தீவில் எல்லா இனத்தாரும்
ஒரே மாதிரி கதவு சாத்துகிற சொல்.

அன்று நான் இங்கேதான் நின்றேன்,
ஏழாம் எந்திரத்தருகே.
கைப்பேசி லாக்கரில்.
விடிந்து திறந்தபோது அக்காவின் பதினொரு அழைப்புகள்.
அவற்றுக்கும் முன்னால்
அப்பாவின் குரல்பதிவு ஒன்று, ஒன்பது விநாடி.
இன்னும் கேட்கவில்லை.
கேட்காதவரை அவர்
ஏதோ சொல்ல வாயெடுத்தவராகவே இருக்கிறார்.

மூன்றரை மணி. தட்டை எடுக்கக் குனிந்தேன்.
பாதுகாப்புக் கண்ணாடிக்குள் ஆவி படர்ந்தது.
துடைக்க முடியாது,
கையுறை முகத்தைத் தொடக் கூடாது.
விழுங்கப் பார்த்தேன்.
கண்ணால் விழுங்க முடியுமா என்ன.
எதிரே சுஹைலா பார்த்துவிட்டாள்.
கண்ணைத் தவிர வேறு எதைத்தான் பார்ப்பது அங்கே?
வந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.
தாக் அப்பா, என்றாள்.

மலாயில் அதற்குப் பரவாயில்லை என்று பொருள்.
கடையில் சில்லறை குறைந்தால், பஸ்ஸில் காலை மிதித்தால்,
பிறந்தது முதல் காதில் விழும் சொல்.
அன்றைக்குத்தான் அது தமிழாக விழுந்தது.
தாக் என்றால் இல்லை.
இல்லை, அப்பா.
அப்பா இல்லை.

வாசலுக்கு முன் காற்றுக்குளியல் அறை.
இருபது விநாடி, நாலாபக்கமும் காற்று அறையும்.
கைகளைத் தூக்கி மெல்லச் சுற்ற வேண்டும்,
போலீஸில் மாட்டியவனைப் போல.
அங்கே அழுதேன். இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை.
காற்று நின்றது, நான் நிற்கவில்லை.
மறுபடி பொத்தானை அழுத்தினேன்.
மூன்று முறை.

காலை ஏழு மணிக்குக் கேன்டீனில்
ஒரு பெண் என்னெதிரே உட்கார்ந்தாள்.
முன்பல்லில் சிறு உடைசல். தாடையில் அம்மைத் தழும்பு.
மூன்று வருடமாய்த் தெரிந்தவளை
முதல்முறையாகப் பார்த்தேன்.
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து
நெத்திலிகளை ஓரமாய் ஒதுக்கினாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
நான்தான் கைப்பேசியை நடுவில் வைத்து அழுத்தினேன்.

அப்பா இருமினார். பின்னால் டிவி ஓடியது.
"டேய், ஒன் மோட்டாருக்கு ரோட்டெக்ஸ் முடியுது. பாத்துக்க."

என்ன சொன்னார், என்றாள்.
ரோட்டெக்ஸ், என்றேன்.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதறி வாயைப் பொத்தினாள்.
பிறகு என் முகத்தைப் பார்த்து
கையை எடுத்துவிட்டாள்.
எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பாலம் தாண்டிப் போகும் தொழிற்சாலை பஸ்
அவளுக்காக ஹாரன் அடித்தது.
ஒதுக்கிய நெத்திலிகளை என் பக்கம் தள்ளிவிட்டு ஓடினாள்.
பதினாறு முடியும்வரை கவுச்சி தொடாதே
என்று அக்கா சொல்லியிருந்தாள்.
ஒவ்வொன்றாய்த் தின்றேன்.
நல்ல உப்பு.