புகைச் சோதனை

முதல் சொந்தக்காரர் ஒரு டத்தோ.
அடுத்தவர் கிள்ளானில் பல் மருத்துவர்.
மூன்றாவது நான்,
சுங்கை பூலோ மருத்துவமனையில்
எலும்புகளைப் படம் பிடிக்கிறவள்.

பதின்மூன்று வயது, டர்போ, ஜெர்மன்காரன்.
புது மைவியின் விலையில் பாதிதான் என்றேன்.
மீதியை அவன் தவணையில் வாங்கிக்கொள்வான் என்றாள்
தங்கை புனிதவதி.
அவள் வங்கியில் வேலை செய்கிறாள்.

தண்ணீர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது.
சாகிறவரை ஒரு முனகல் கிடையாது.
ஜாலான் டூத்தா சாவடிக்கு நூறு மீட்டர் முன்
நின்றது.
பின்னால் இருந்தவர்கள் ஹார்னிலேயே
என் குலம் கோத்திரம் விசாரித்தார்கள்.
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
தெர்மோஸ்டாட்டும் சேர்த்தி; பழையதை வைத்து மூடினால்
மறுபடி எல்லாவற்றையும் கழற்றணும் என்றான்
செகாம்புட் பட்டறை லியோங்.
எங்கள் சர்ஜன்களும் இப்படித்தான் சொல்வார்கள்,
திறந்த வயிற்றுக்குப் பக்கத்தில் நின்று.

பிறகு ஒருநாள் பெந்தோங்கிலிருந்து திரும்பும்போது
கராக் ஏற்றத்தில் மழை.
காய்கறி லாரியை முந்த மிதித்தேன்.
புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு.
மஞ்சள் விளக்கு.
கோம்பாக் வரை நொண்டல்.
முந்திய லாரி திரும்ப முந்தியது.
வலைக்குள்ளிருந்து முட்டைக்கோசுகள்
என்னைப் பார்த்துக்கொண்டே போயின.

பட்டறையில் காற்று போகிற வாயை அடைத்து
உள்ளே வெள்ளைப் புகையைச் செலுத்தினான்
தூரா, பர்மாக்காரப் பையன்.
ரேடியோவை அணைத்தார்கள்.
எல்லோரும் குனிந்து நின்றோம்.

ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிறேன்,
மூன்று மொழியில்:
மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க.
இவனால் பிடிக்க முடியவில்லை.
பிளாஸ்டிக் குழாயின் கழுத்தில்
மயிரிழை விரிசல் வழியாக
ஊதுபத்தி அளவுக்கு ஒரு நூல் எழுந்தது.
"ஃபிராக்சர்" என்றேன்.
லியோங் அன்றுதான் முதல்முறை
எனக்கு உட்கார நாற்காலி கொடுத்தான்.

பிளாஸ்டிக்குக்குப் பதில் அலுமினியம்.
வியாதி அங்கே தொடங்கியது.
அலுமினியக் குழாய் இருக்கிறதே,
பெரிய இன்டர்கூலர் போட்டால் என்ன?
அறுத்த கார்கள் விற்கும் கடையில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்தேன்.
ஜப்பானிலிருந்து பாதியாக வந்த உடல்கள்,
இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.
பழக்கப்பட்ட இடம் போலத்தான் இருந்தது.

வால்வுகளில் கரி.
அக்ரோட்டு ஓட்டைத் தூளாக்கி வீசிக் கழுவினார்கள்.
தீபாவளி கேக்கில் கொட்டையைப் போட்டுவிட்டு
எறிகிற அதே ஓடு.
புனிதவதி பில்லைப் பார்த்து,
கேக்கே வாங்கியிருக்கலாம் என்றாள்,
பேக்கரியோடு.

கடைசியாக ஹைக்கல் வந்தான், மடிக்கணினியோடு.
நாற்பது நிமிடம் தட்டினான்.
அறுபது குதிரைகள் கூடுதல்.
மாலை ஆறு மணி ஃபெடரல் ஹைவேயில்
அறுபதும் அசைபோட்டு நிற்கின்றன.
பக்கத்துத் தடத்தில் ஒரு மைவி,
ஓட்டுகிற பெண் கச்சான் தின்கிறாள்.

ஆனால் இரவுப் பணி முடிந்து இரண்டரை மணி.
அன்று ஒரு சின்னப் பையனின் மண்டை ஓட்டை
நான்கு கோணத்தில் எடுத்திருந்தேன்.
அவன் அசையவே இல்லை.
சாலையில் யாருமில்லை.
மூன்றாம் கியரில் டர்போ
விசில் என்றும் சொல்ல முடியாத ஒரு சத்தத்தோடு
காற்றை உள்ளே இழுத்தது, பிடித்தது,
எங்கும் ஒழுகவிடவில்லை.
செதாப்பாக் வரை நான் எதையும் நினைக்கவில்லை.
இதற்கு எத்தனை வெள்ளி என்று
புனிதவதி இன்னும் கேட்கவில்லை.

அடித்தளத்தில் நிறுத்தியதும்
எஞ்சினுக்குக் கீழே ஒரு பிலிமை விரிப்பேன்,
காலாவதியான எக்ஸ்ரே பிலிம், யாருடைய உடலும் பதியாதது.
காலையில் குனிந்து படிப்பேன்.

இன்று இரண்டு சொட்டு.
ஒன்று ஏர்கான் தண்ணீர்.
இன்னொன்று பழுப்பு, விரலில் வழுவழுப்பு.
படம் எடுத்து லியோங்குக்கு அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு பெருவிரல் வந்தது.
விலை இன்னும் வரவில்லை.